ஆயிரம் வாத்துகளில் ஒரே ஒரு அபூர்வ வாத்து... அதைப் பார்த்த கண்ணால் பிறந்தது ஒரு சரணாலயம்! - பீட்டர் ஸ்காட்டின் கதை

ஒரு சின்ன டெஸ்ட் வைக்கலாமா? உங்க முன்னாடி பெரிய புல்வெளி ஒண்ணு இருக்கு. அதுல ஆயிரக்கணக்கான வாத்துகள் மேய்ஞ்சிட்டு இருக்கு. எல்லாம் ஒரே பழுப்பு நிறம், நெற்றியில் ஒரே மாதிரி வெள்ளைப் பட்டை. ஆனா, அந்தக் கூட்டத்துல ஒண்ணு மட்டும் வேற இனம். சைஸ் கொஞ்சம் சின்னது. நெற்றியின் வெள்ளை உச்சந்தலை வரைக்கும் ஏறியிருக்கும். கண்ணைச் சுற்றி மெல்லிசா ஒரு மஞ்சள் வளையம். அவ்வளவுதான் வித்தியாசம். கண்டுபிடிப்பீங்களா?

1945 டிசம்பரில், இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றங்கரையில், ஸ்லிம்பிரிட்ஜ் என்ற கிராமத்தில் ஒருவர் கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு வயது 36. ஓவியர், ஒலிம்பிக் பதக்கம் வென்றவர், போரிலிருந்து திரும்பிய கடற்படை அதிகாரி. அந்த ஒரு வாத்தைப் பார்த்ததும் அவர் எடுத்த முடிவால், அடுத்த ஆண்டே அங்கே ஒரு சரணாலயம் பிறந்தது. பிற்பாடு அழிவின் விளிம்பில் இருந்த ஒரு பறவையினம் அங்கிருந்துதான் மீண்டு வந்தது. உங்களுக்குத் தெரிந்த பாண்டா கரடி லோகோகூட அவர் கை வரைந்ததுதான்.

அவர் பெயர் பீட்டர் ஸ்காட். இதில் இன்னொரு விஷயமும் இருக்கு. இளம் வயதில் இதே வாத்துகளைச் சுட்டுத் தள்ளியவரும் இவர்தான்.

(கதைக்குள் போறதுக்கு முன்னாடி ஒரு குறிப்பு: ஸ்லிம்பிரிட்ஜில் அவர் பார்த்தது ஆங்கிலத்தில் 'கூஸ்' என்று சொல்லும் பெரிய வகை. தமிழில் நாம 'டக்', 'கூஸ்' ரெண்டையும் வாத்துன்னுதான் சொல்றோம். நெல்லை கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்துகூட 'கூஸ்' வகைதான். அதனால இங்கேயும் வாத்துன்னே வச்சுக்கலாம்.)

அப்பா எழுதிய கடைசிக் கடிதம்

பீட்டர் பிறந்தது 1909 செப்டம்பர் 14, லண்டனில். அப்பா யார் தெரியுமா? தென் துருவத்துக்குப் போய், திரும்பும் வழியில் பனியில் உறைந்து இறந்த கேப்டன் ராபர்ட் ஃபால்கன் ஸ்காட். 1912 மார்ச் மாதம் அது நடந்தபோது பீட்டருக்கு இரண்டரை வயது. அப்பாவின் முகம்கூட நினைவில் நிற்காத வயது.

அம்மா கேத்லீன் ஒரு சிற்பி. கணவரைச் சந்திக்க நியூசிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தவருக்கு, நடுக்கடலில்தான் அந்தச் சேதி வந்து சேர்ந்தது. கணவர் இறந்து அதற்குள் பதினொரு மாதம் ஆகிவிட்டிருந்தது. செல்போன் இல்லாத காலத்தின் கொடுமை அது.

பனிக்கூடாரத்துக்குள் சாவை எதிர்பார்த்துக் கிடந்தபோது கேப்டன் ஸ்காட் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் மகனைப் பற்றியும் ஒரு வேண்டுகோள் இருந்தது. முடிந்தால் பையனுக்கு இயற்கை மேல் ஆர்வம் வரச் செய், விளையாட்டுகளைவிட அது மேலானது என்ற பொருளில் எழுதியிருந்தார்.

கேத்லீன் அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டார். பையன் புழு, பூச்சி, பல்லி, ஓணான் என்று எதை வீட்டுக்குள் கொண்டுவந்தாலும் தடுக்கவில்லை. வரையக் காகிதமும் பென்சிலும் தாராளமாகக் கிடைத்தன. 'பீட்டர் பான்' எழுதிய ஜே.எம்.பேரிதான் பையனுக்கு ஞானத்தந்தை. ஒரு பக்கம் உலகமே கொண்டாடும் தியாகியின் மகன் என்கிற பாரம், இன்னொரு பக்கம் அம்மா கொடுத்த சுதந்திரம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பீட்டர் வளர்ந்தார்.

நேசித்ததையே சுட்ட கை

கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி. விலங்கியல் படிக்கப் போனவர், பாதியில் கலை வரலாற்றுக்கு மாறினார். ஆனா, அவர் மனசு வகுப்பறையில் இல்லை. இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் 'வாஷ்' என்ற பெரிய சேற்றுக் கழிமுகம் இருக்கு. விடியற்காலை இருட்டில் அங்கே போய், சேற்றில் படுத்துக்கிடந்து, தலைக்கு மேல் பறக்கும் வாத்துகளைச் சுடுவதுதான் அவருடைய போதை.

அது மட்டுமில்லை. தட்டையான சின்னப் படகின் முன்னால் பீரங்கி போன்ற நீளமான துப்பாக்கியைப் பொருத்தி, படகில் குப்புறப் படுத்தபடியே சத்தமில்லாமல் நகர்ந்து, தண்ணீரில் மிதக்கும் கூட்டத்தை ஒரே வெடியில் வீழ்த்தும் வேட்டையிலும் அவர் தேர்ந்தவர். ஒரே சூட்டில் பல பறவைகள் சாகும்.

இன்னிக்குப் படிக்கும்போது நமக்குக் கோபம்தான் வருது. ஆனா, அன்றைய இங்கிலாந்தில் பறவைகளை நேசித்தவர்களில் பலர் வேட்டைக்காரர்களாகவும் இருந்தார்கள். காற்று எந்தப் பக்கம் அடிச்சா வாத்து எந்தப் பக்கம் இறங்கும், அலை ஏறும்போது எங்கே போய் ஒதுங்கும், எந்தக் குரல் எந்த இனத்தோடது என்பதெல்லாம் அவர் கற்றுக்கொண்டது அந்தச் சேற்றில்தான்.

ஒருநாள் ஒரு வாத்துக்கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள். அடிபட்ட ஒரு பறவை தூரத்துச் சேற்றில் போய் விழுந்தது. இரண்டு காலும் உடைந்துபோயிருந்தது. ஆள் நடந்தால் புதைந்துவிடும் சேறு என்பதால் அதை எடுக்கவும் வழியில்லை, கொன்று வலியைத் தீர்க்கவும் வழியில்லை. மறுநாள் வந்து பார்த்தால், அது அதே இடத்தில் இன்னும் உயிரோடு இருந்தது.

அந்தக் காட்சி அவரை விடவே இல்லை. இந்தப் பறவைக்கு இப்படிச் செய்ய எனக்கு என்ன உரிமை என்ற கேள்வி உள்ளே விழுந்துவிட்டது. உடனே துப்பாக்கியைத் தூக்கி எறிந்துவிடவில்லை. சினிமா மாதிரி ஒரே நாளில் மாறிவிடவும் இல்லை. பல வருஷம் எடுத்தது. ஆனா, அந்தக் கேள்வி போகவில்லை. கடைசியில் துப்பாக்கிதான் போனது.

கலங்கரை விளக்கத்தில் ஒரு ஓவியர்

1933-ல் லண்டனில் அவருடைய முதல் ஓவியக் கண்காட்சி. விடியல் வானத்தில் வரிசை வரிசையாகப் பறக்கும் வாத்துகள்தான் அவர் வரைந்தது. மக்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். இருபதுகளிலேயே தூரிகையால் சொந்தக் காலில் நிற்கும் அளவுக்கு வருமானம் வந்தது.

அந்தக் காசில் அவர் பிடித்த வீட்டைக் கேட்டால் பொறாமையா இருக்கும். 'நீன்' என்ற ஆறு வாஷ் கழிமுகத்தில் கலக்கும் இடத்தில், பழைய கலங்கரை விளக்கம் ஒன்றில் குடியேறினார். சுற்றிலும் சேறும் உப்புப் புல்லும் வானமும்தான். அங்கே குளத்தில் உயிருள்ள வாத்துகளை வளர்க்க ஆரம்பித்தார். தொடக்கத்தில் வரைவதற்கு மாடலாகத்தான். பிறகு அவற்றின் நடவடிக்கைகளைக் கவனிப்பதே முழுநேரப் பழக்கமாகிவிட்டது. சுடுவதைவிட உயிரோடு வைத்துப் பார்ப்பதில்தான் சுவாரசியம் அதிகம் என்று அவருக்குப் புரியத் தொடங்கியது இங்கேதான்.

நடுவில் 1936 ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் ஒற்றை ஆளாகக் கலந்துகொண்டு வெண்கலம் வாங்கி வந்தார். எதைத் தொட்டாலும் அதன் உச்சி வரை போய்ப் பார்க்கிற ஆள் அவர்.

போரில் உதவிய பறவைக் கண்

இரண்டாம் உலகப் போர் வந்தது. பீட்டர் கடற்படையில் சேர்ந்தார். அட்லான்டிக் கடலில் எச்.எம்.எஸ். புரோக் என்ற போர்க்கப்பலில் வேலை.

அப்போது ஒரு விஷயத்தைக் கவனித்தார். கப்பல்களுக்கு அடர் சாம்பல் நிறம் அடித்திருந்தார்கள். இரவில் மறைந்துகொள்ள அடர் நிறம்தானே நல்லது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனா, வடகடலில் இரவிலும் வானம் முழுக்கக் கறுப்பாக இருப்பதில்லை. வெளிர் வானத்துக்கு முன்னால் அடர் நிறக் கப்பல் பளிச்சென்று நிழல்போலத் தெரிந்தது. வெள்ளை, வெளிர் நீலம், வெளிர் பச்சை அடித்தால் கப்பல் பின்னணியோடு கரைந்துவிடும் என்றார். 1940-ல் அவருடைய கப்பலுக்கே முதலில் அந்த வண்ணம் அடிக்கப்பட்டது. நல்ல பலன் கிடைத்ததால், பிறகு அட்லான்டிக்கின் பல கப்பல்களுக்கு அதையே பின்பற்றினார்கள்.

விடியலுக்கு முன் வானத்தில் வாத்துகள் எப்போது தெரியும், எப்போது மறையும் என்று வருஷக்கணக்கில் உற்றுப் பார்த்த கண்ணுக்குத்தானே இதெல்லாம் தெரியும்!

பிற்பாடு ஆங்கிலக் கால்வாயில் ஒரு பீரங்கிப் படகுக்குத் தலைமை தாங்கினார். அந்தப் படகின் பெயர் என்ன தெரியுமா? 'கிரே கூஸ்'. சாம்பல் வாத்து! போர் முடிந்தபோது வீரப் பதக்கங்களோடு வீடு திரும்பினார்.

திரும்பியவர் 1945 பொதுத் தேர்தலில் நின்றார். சொற்ப வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். ஜெயித்திருந்தால் ஒரு எம்.பி. கிடைத்திருப்பார். அந்த டிசம்பரில் ஆற்றங்கரைக்குப் போக அவருக்கு நேரம் இருந்திருக்குமா என்று தெரியாது.

அந்த ஒரு வாத்து

இப்போ மறுபடியும் ஸ்லிம்பிரிட்ஜுக்கு வருவோம்.

ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதியில் முட்டையிடும் வெண்நெற்றி வாத்துகள் ஒவ்வொரு குளிர்காலமும் செவர்ன் ஆற்றோரப் புல்வெளிகளுக்கு வந்து இறங்கும். அந்தக் கூட்டத்துக்குள் அபூர்வமான ஏதாவது கலந்திருக்கலாம் என்று உள்ளூர்ப் பறவை ஆர்வலர் ஒருவர் பீட்டருக்குத் தகவல் அனுப்பினார். போர்க்காலத்தில் கட்டிய கான்கிரீட் பதுங்கு அறை ஒன்று அங்கே சும்மா கிடந்தது. எதிரி வந்தால் சுடுவதற்காக வைத்த ஓட்டை வழியாக பைனாகுலரை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஒவ்வொரு வாத்தாகப் பார்க்க வேண்டும். நெற்றி, அலகு, கண். அடுத்தது. நெற்றி, அலகு, கண். அடுத்தது. குளிரில் விரல் மரத்துப்போகும். பொறுமை எல்லை கடக்கும். அப்படிப் பார்த்துக்கொண்டே போனபோதுதான் அந்த மஞ்சள் கண் வளையம் சிக்கியது. சிறு வெண்நெற்றி வாத்து! வழக்கமாக ஐரோப்பாவின் தென்கிழக்குப் பக்கம் குளிர்காலத்தைக் கழிக்கும் இனம் அது. பிரிட்டனில் அதைப் பார்த்ததாக அதற்குமுன் இருந்த பதிவு மிக மிக அபூர்வம்.

வேற யாராக இருந்தாலும் நோட்டில் குறித்துக்கொண்டு, நண்பர்களிடம் பெருமையடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். பீட்டர் யோசித்தது வேறு. இவ்வளவு பெரிய கூட்டம் வருஷா வருஷம் இங்கே வருகிறது. அதற்குள் இப்படி ஒரு அபூர்வப் பறவை மறைந்திருந்தும் யாருக்கும் தெரியவில்லை. அப்படியென்றால் நமக்குத் தெரியாமல் இன்னும் எத்தனை விஷயம் இங்கே நடந்துகொண்டிருக்கும்? இதை ஆராயவும், காப்பாற்றவும், எல்லோரும் பார்க்கவும் இதைவிடச் சரியான இடம் எது?

1946 நவம்பர் 10-ம் தேதி செவர்ன் வாத்து அறக்கட்டளை தொடங்கப்பட்டது. இன்று உலகம் முழுக்க ஈரநிலங்களுக்காக வேலை செய்யும் டபிள்யூ.டபிள்யூ.டி. அமைப்பு அதிலிருந்து வளர்ந்ததுதான்.

கண்ணிக் குளத்தில் புது வேலை

அந்தக் காலத்தில் இயற்கைப் பாதுகாப்பு என்றால் வேலி போட்டு, மனுஷன் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது என்றே பலர் நினைத்தார்கள். பீட்டர் மக்களை உள்ளே கூப்பிட்டார். பல நாட்டு வாத்துகளைக் குளங்களில் வளர்த்து, குழந்தைகள் கையால் தீவனம் போடும் அளவுக்குப் பக்கத்தில் வரவிட்டார். ஆற்றோரம் காட்டுப் பறவைகளை மறைந்திருந்து பார்க்கக் குடில்கள் கட்டினார். பக்கத்தில் பார்த்தவங்களுக்குத்தான் அதன் மேல் அக்கறை வரும் என்பது அவர் கணக்கு.

அங்கே பழைய கண்ணிக் குளம் ஒன்றும் இருந்தது. நடுவில் குளம், அதிலிருந்து வளைந்து போகும் வாய்க்கால்கள், வாய்க்கால் மேலே வலைக்கூரை. கரையோரத் தட்டிகளுக்கு இடையில் ஒரு நாய் தலையைக் காட்டி மறையும். வாத்துகளுக்கு ஒரு குணம் உண்டு. எதிரி விலகிப் போவதைப் பார்த்தால் கூட்டமாகப் பின்னாலேயே போய்க் கண்காணிக்கும். நாய் வாய்க்காலின் உள்பக்கம் போகப் போக, வாத்துகளும் வலைக்குள் போய்ச் சிக்கிவிடும். ஒருகாலத்தில் அவை கறிக்கடைக்குப் போயின. பீட்டர் காலத்தில் காலில் எண் பொறித்த வளையம் மாட்டிக்கொண்டு வானத்துக்குத் திரும்பின. அந்த வளையங்களால்தான் எந்த வாத்து எந்த நாடு வரை போகிறது, எத்தனை வருஷம் வாழ்கிறது என்பது தெரியவந்தது.

1951-ல் வாத்துகளுக்கு வளையம் மாட்ட ஐஸ்லாந்து போன பயணத்தில்தான் ஃபிலிப்பாவைத் திருமணமும் செய்துகொண்டார். அவருடைய முதல் மனைவி, நாவலாசிரியர் எலிசபெத் ஜேன் ஹோவர்ட். பெரும்பாலும் வாத்துகளோடும் ஓவியங்களோடும் வாழ்ந்த மனுஷனோடு அந்தத் திருமணம் நீடிக்கவில்லை. ஃபிலிப்பாவோ இவரைப் போலவே பறவைப் பைத்தியம். மகளுக்கு டஃபிலா என்று பெயர் வைத்தார்கள். அது ஊசிவால் வாத்தின் பழைய அறிவியல் பெயர்! குளிர்காலத்தில் நம்ம ஊர் ஏரிகளுக்கும் வருமே, அதே ஊசிவால் வாத்துதான்.

முப்பதிலிருந்து மூவாயிரம்

ஹவாய் தீவுகளில் மட்டும் வாழும் வாத்து ஒன்று உண்டு. அது கத்தும் சத்தத்தை வைத்து அங்குள்ள மக்கள் அதை 'நேனே' என்பார்கள். ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தது. வேட்டையும், வெளியிலிருந்து வந்த கீரி, பூனை, நாய், பன்றிகளும் சேர்ந்து 1950 வாக்கில் அதைச் சுமார் 30 பறவைகளாகச் சுருக்கிவிட்டன. ஒரு கல்யாண மண்டபத்தின் ஒரு வரிசையில் உட்காரவைத்துவிடலாம் போன்ற எண்ணிக்கை.

ஹவாயில் ஒருவர் வளர்த்துவந்த கூட்டத்திலிருந்து ஸ்லிம்பிரிட்ஜுக்கு 1950-ல் ஒரு ஜோடி வந்து சேர்ந்தது. எல்லோருக்கும் ஒரே எதிர்பார்ப்பு. மறு வருஷம் முட்டையும் வந்தது. ஒரு சிக்கல், இரண்டுமே முட்டையிட்டன! ஜோடி என்று நினைத்தது இரண்டும் பெட்டை. அவசரமாக ஹவாய்க்குத் தகவல் பறந்தது. விமானத்தில் ஒரு ஆண் வாத்து வந்து இறங்கியது. 1952-ல் ஒன்பது குஞ்சுகள் பொரிந்தன.

பத்து வருஷம் கழித்து, 1962-ல், ஸ்லிம்பிரிட்ஜில் பிறந்த நேனேக்கள் ஹவாயின் மௌயி தீவுக்கு அனுப்பப்பட்டன. விட வேண்டிய இடம் ஒரு எரிமலையின் பள்ளத்துக்குள். வண்டி போகாது. சாரணச் சிறுவர்கள் வாத்துகள் இருந்த பெட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு இறங்கினார்கள். ஹவாயிலும் தனியாக இனப்பெருக்க முயற்சி நடந்தது. இன்று அந்தத் தீவுகளில் 3,000-க்கும் மேற்பட்ட நேனேக்கள் சுதந்திரமாகத் திரிகின்றன.

அன்னத்துக்கும் ஆதார் கார்டு

1964 குளிர்காலத்தில் பீட்டர் வீட்டு ஜன்னலுக்கு எதிரே இருந்த குளத்தில் பீவிக் அன்னங்கள் வந்து இறங்கின. சைபீரியாவிலிருந்து சுமார் 3,500 கிலோமீட்டர் பறந்து வரும் வெள்ளை அன்னங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தவருக்கு ஒன்று தட்டுப்பட்டது. அலகில் இருக்கும் மஞ்சளும் கறுப்பும் ஒவ்வொரு அன்னத்துக்கும் ஒவ்வொரு மாதிரி. நம்ம கைரேகை போல!

ஒவ்வொன்றின் முகத்தையும் வரைந்து, பெயர் வைத்து, குடும்பம் வாரியாகப் பதிவு செய்தார்கள். யார் யாருக்கு ஜோடி, யாருடைய குஞ்சு எது, போன வருஷம் வந்தவர் இந்த வருஷம் வந்தாரா என்று கணக்கு. லேன்சலாட் என்று பெயர் வைத்த ஒரு அன்னம் 20-க்கும் மேற்பட்ட குளிர்காலங்கள் அதே குளத்துக்குத் திரும்பி வந்தது. வளையம் மாட்டாமல், பிடிக்காமல், தொந்தரவு பண்ணாமல், வெறும் பார்வையால் நடந்த ஆராய்ச்சி இது. உலகின் நீண்டகாலப் பறவை ஆய்வுகளில் ஒன்றாக இன்றும் தொடர்கிறது.

பாண்டாவும் சிவப்புப் புத்தகமும்

1961-ல் உலக வனவிலங்கு நிதியம் தொடங்கப்பட்டபோது அதன் நிறுவனர்களில் பீட்டரும் ஒருவர். அதற்கு லோகோ வேண்டும். அழகாகவும் இருக்கணும், உலகில் எல்லோருக்கும் புரியணும், கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் செலவும் குறையணும். அப்படி வந்ததுதான் பாண்டா.

அழிவின் விளிம்பில் இருக்கும் உயிர்களைப் பட்டியலிடும் சிவப்புத் தரவுப் புத்தகம் உருவாகவும் அவர்தான் முக்கியக் காரணம். ஒரு உயிரினம் 'ரெட் லிஸ்ட்'டில் இருக்குன்னு இப்போ நியூஸில் படிக்கிறோமே, அதன் வேர் அங்கேதான். 1955 முதல் பி.பி.சி-யில் 'லுக்' என்ற இயற்கை நிகழ்ச்சியை நடத்தி, பிரிட்டன் மக்களின் வரவேற்பறைக்கே பறவைகளைக் கொண்டுபோனார். 1973-ல் இயற்கைப் பாதுகாப்புக்காக 'சர்' பட்டமும் கிடைத்தது.

ஒரு ஜாலியான கதையும் உண்டு. ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் ராட்சத விலங்கு இருக்கிறது என்று நம்பியவர்களில் இவரும் ஒருவர். 1975-ல் அதற்கு அறிவியல் பெயரே வைத்தார். அந்தப் பெயரின் எழுத்துகளை மாற்றிப் போட்டால், சர் பீட்டர் எஸ்-இன் ராட்சதப் புரளி என்று ஆங்கிலத்தில் வருகிறது என யாரோ கண்டுபிடித்துவிட, ஊரே சிரித்தது. பீட்டர் ஸ்காட்டோ சீரியஸாகத்தான் வைத்திருந்தார்!

தப்பிப் பறந்த வாத்துகள்

இவரைத் தெய்வமாக்கிவிட்டு நகர்ந்தால் கதை முழுமையாகாது. ஸ்லிம்பிரிட்ஜால் நடந்த ஒரு விபரீதமும் இருக்கு.

வட அமெரிக்காவைச் சேர்ந்த ரட்டி டக் என்ற செம்பழுப்பு வாத்துகளை அங்கே வளர்த்தார்கள். 1950-களில் தொடங்கி அவற்றின் குஞ்சுகள் சில வெளியே பறந்துவிட்டன. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சின்ன வாத்து, நீல அலகு, தூக்கிய வால், பார்க்கவும் அழகு. ஆரம்பத்தில் அதை ஏரியில் பார்த்த பறவை ஆர்வலர்கள் அபூர்வம் என்று சந்தோஷப்பட்டார்கள். ஆனா, 2000-ம் ஆண்டு வாக்கில் பிரிட்டனில் அதன் எண்ணிக்கை சுமார் 6,000 ஆகிவிட்டது.

சில வாத்துகள் கடல் தாண்டி ஸ்பெயின் வரை போயின. அங்கே அதன் நெருங்கிய உறவான வெண்தலை வாத்து, 1970-களின் பிற்பகுதியில் வெறும் 22 பறவைகளாகக் குறைந்து, கஷ்டப்பட்டு மீண்டுகொண்டிருந்தது. வந்த விருந்தாளி அதனோடு ஜோடி சேர, கலப்புக் குஞ்சுகள் பிறந்தன. இப்படியே போனால் வெண்தலை வாத்து என்ற இனமே கரைந்துவிடும். வேறு வழியில்லாமல் பிரிட்டன் அரசு செம்பழுப்பு வாத்துகளைச் சுட்டு ஒழிக்கும் வேலையில் இறங்கியது. இதை ஆதரித்தவர்களும் உண்டு, கண்ணீரோடு எதிர்த்தவர்களும் உண்டு.

வாத்துகளைக் காப்பாற்றத் தொடங்கிய இடத்திலிருந்து தப்பியவை, கடைசியில் துப்பாக்கிக்கே பலியானது பெரிய சோகம். ஒரே சரணாலயம்தான். நேனே அங்கிருந்து பறந்து தன் தாய்மண்ணுக்குப் போனது. செம்பழுப்பு வாத்து தனக்குச் சம்பந்தமே இல்லாத மண்ணுக்குப் போனது. பறவை மேல் அன்பு இருந்தால் மட்டும் போதாது, அது எந்த மண்ணுக்குரியது என்ற அறிவும் வேணும்னு இந்த ரெண்டு வாத்துகளும் சொல்லுது.

இன்று அந்தப் புல்வெளி

1989 ஆகஸ்ட் 29-ம் தேதி, 80-வது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பீட்டர் ஸ்காட் இறந்தார். அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை. அழிந்தே போய்விட்டது என்று நினைத்த மடகாஸ்கர் வாத்து 2006-ல் ஒரு தனித்த ஏரியில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டபோது, அதைக் காப்பாற்ற ஓடியவர்களில் அவருடைய அமைப்பும் ஒன்று. 2018-ல் அந்த வாத்துகள் மடகாஸ்கரில் வேறொரு ஏரியில் விடப்பட்டன. உலகின் மிக அபூர்வமான வாத்துகளில் ஒன்று அது.

ஆனா, ஸ்லிம்பிரிட்ஜின் அந்தப் புல்வெளிக்கு வரும் வெண்நெற்றி வாத்துகளும் பீவிக் அன்னங்களும் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டன. குளிர்காலம் முன்பு போலக் கடுமையாக இல்லாததால் பல பறவைகள் நெதர்லாந்து, ஜெர்மனி பக்கமே தங்கிவிடுகின்றன. வேலி போட்டு வேட்டைக்காரரைத் தடுக்கலாம். வெப்பத்தைத் தடுக்க எந்த வேலியும் கிடையாது. அன்று முகம் முகமாகப் பதிவு செய்து வைத்த கணக்கு இருப்பதால்தான், எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதே இன்று துல்லியமாகத் தெரிகிறது.

உங்க ஊர் ஏரியில்...

இதைப் படிக்கிற உங்களுக்கு ஸ்லிம்பிரிட்ஜ் தூரம்தான். பள்ளிக்கரணை தூரமில்லை. வேடந்தாங்கல், கோடியக்கரை, கூந்தன்குளம் எதுவும் தூரமில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏதாவது ஒரு விடியற்காலை கிளம்பிப் போங்க. ஒரு சாதாரண பைனாகுலர் போதும்.

போனதும் செல்ஃபி எடுத்துட்டு அடுத்த ஸ்பாட்டுக்கு ஓடாதீங்க. ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்க. கூட்டத்தைப் பார்க்காம, ஒவ்வொரு பறவையா பாருங்க. பக்கத்துல இருக்கிறதைவிட சின்னதா, பெருசா? அலகு என்ன நிறம்? கண்ணைச் சுற்றி வளையம் இருக்கா? பறக்கும்போது இறக்கையில் என்ன பட்டை தெரியுது? சந்தேகமா இருந்தா போட்டோ எடுத்து, தேதியும் இடமும் சேர்த்து 'இ-பேர்ட்' மாதிரியான தளத்தில் பதிவு பண்ணுங்க. கூட்டைத் தேடிப் போறது, கல்லெறிஞ்சு பறக்க வைக்கிறது, டிரோன் விடுறது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

அபூர்வமா எதுவுமே கிடைக்கலைன்னாலும் பரவாயில்லை. இந்த வருஷம் உங்க ஏரிக்கு எத்தனை ஊசிவால் வாத்து வந்ததுன்னு எண்ணி எழுதி வச்சாலே போதும். நாளைக்கு அந்த ஏரியில் குப்பை கொட்ட லாரி வந்து நிற்கும்போது, இங்கே என்ன பறவை இருக்குன்னு யாராவது கேட்பாங்க. அப்போ காட்டுறதுக்கு உங்க கையில ஒரு கணக்கு இருக்கும்.